இரண்டாம் டம்ளரும் ஐந்தாம் டம்ளரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை மதியம், பெங்களூரில் ஒரு சிறிய பீர் ஆலையின் மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிறு வந்தால் பீரை ருசி பார்த்து மதிப்பெண் போடும் பயிற்சி என்று அப்போது திரிந்துகொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், அதற்கும் வகுப்பு உண்டு, பரீட்சை உண்டு. அன்று மேஜையில் குடகுக் காப்பிக்கொட்டை போட்ட பீர், கோவாப் பக்கத்துப் புளிப்புப் பழம் போட்ட பீர், இமயமலை அடிவாரத்து வாற்கோதுமை பீர் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு டம்ளரிலும் ஓர் ஊர் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண், "உங்க திருநெல்வேலியில என்ன இருக்கு?" என்று கேட்டாள். அல்வா என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எங்கள் கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸுக்கு இஞ்சியும் கருப்பட்டியும் போட்டு ஒன்று செய்வார்களே, இஞ்சி பீர், அது நினைவுக்கு வந்தது. பெயர்தான் பீர், போதை கிடையாது. இரண்டு நாள் மட்டும் புளிக்கவிட்டு, நுரை கட்டியதும் குளிரில் வைத்துவிடுவார்கள். அதற்கு இதுவரை யாராவது மதிப்பெண் போட்டிருக்கிறார்களா? இல்லை. அப்படியானால் நான் போடுவேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அது நடந்தது இந்தத் தை மாதம். பாளையங்கோட்டையில் ஜூஸ் கடை வைத்திருக்கும் என் நண்பன், கடைக்கு மேலே இருக்கும் ஹாலைக் கொடுத்தான். ஜெயிக்கிறவரின் இஞ்சி பீரைத் தன் கடையில் வாராவாரம் எடுத்து விற்பதாகவும் சொன்னான். ஐந்து வீட்டார் பாட்டில்களோடு வந்தார்கள். வேடிக்கை பார்க்க ஐம்பது பேர் போல இருந்தார்கள். நடுவர் நான் ஒருவன்தான். வேறு யாருக்கு இதெல்லாம் தெரியும் என்ற எண்ணம்தான், வேறென்ன!

சட்டங்களும் நானே போட்டேன். ருசி பார்க்கும் மேஜைக்குப் பக்கத்தில் காப்பி கூடாது, வடை கூடாது, வெற்றிலை கூடாது, சென்ட் பூசியவர்கள் கிட்டே வரக் கூடாது. பானங்களை நண்பன் திரைக்குப் பின்னால் நின்று ஊற்றி, எண் மட்டும் ஒட்டித் தர வேண்டும். இன்னொரு வித்தையையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து பானங்களை ஆறு டம்ளரில் ஊற்று. அதில் ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லாமல் இரண்டு எண்களில் வை. உண்மையான நடுவன் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவான். பெங்களூரில் எங்களை அப்படித்தான் சோதிப்பார்கள். கடைசியில் அதை மைக்கில் உடைத்துச் சொல்லும்போது கூட்டம் அசந்து போகும் என்று மனசுக்குள் ஒத்திகை கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

தொடங்கும் முன்பு, மணப்பாட்டிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். கப்பல் வேலை பார்த்தவர்.

"தம்பி, எத்தன மணிக்கு முடியும்? கப்பல் ஏஜென்ட்டுக்கு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வாரேனா, வரலியான்னு சொல்லணும்" என்றார்.

அவர் மனைவி இடையில் புகுந்தார். "பத்து மாசம் கடல்ல போய்க் கெடக்கதுக்கு, இங்கன பாட்டில் கழுவிக்கிட்டுக் கெடக்கலாம்லா? நீங்க ஜெயிச்சிட்டுன்னு சொன்னா போதும் தம்பி, இவுகள நான் அனுப்பவே மாட்டேன்."

"ஏட்டி, அவருகிட்ட போயி சிபாரிசா?" என்று அவர் சிரித்துக்கொண்டே மனைவியை இழுத்துக்கொண்டு போனார்.

முதல் டம்ளர் பரவாயில்லை. இரண்டாவதை உறிஞ்சியதும் முகத்தைச் சுளித்தேன். புளிப்பு ஏறிப்போய், அடியில் கருப்பட்டியின் கசப்பு நின்றது. ஐம்பதுக்குப் பதினேழு. அதோடு விட்டிருக்கலாம். மைக் கையில் இருந்ததே! "இதைச் செய்தவங்க பானையைக் கழுவிட்டு அந்தத் தண்ணியைப் பாட்டில்ல அடைச்சிட்டாங்க போல" என்றேன். ஹாலே சிரித்தது. மணப்பாட்டுக்காரரும் சிரித்தார். மூன்றாவது நன்றாக இருந்தது, முப்பத்தைந்து போட்டேன்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் இடைவெளி. போட்டிக்கு வந்திருந்த களக்காட்டு அக்கா ஒருவர், ஒரு தட்டு நிறைய நெல்லிக்காயைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் தோட்டத்தில் விளைந்ததில் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள், அப்படித்தான். "எங்க தோட்டத்துக் காயி தம்பி. வடதான் கூடாதுன்னுட்டிய, இதயாச்சும் வாயில போடுங்க" என்றார். பெங்களூரில் நாக்கைச் சுத்தம் செய்ய உப்பில்லாத ரொட்டித் துண்டு தருவார்கள். இங்கே அது இல்லை. பச்சைக் காய்தானே, நாக்கைக் கழுவிவிட்டது போல இருக்கும் என்று நினைத்து ஒன்றைக் கடித்தேன். அப்புறம் டம்ளருக்கு ஒன்று என்று தின்றுகொண்டே மிச்சத்தை ருசி பார்த்தேன்.

நான்கு, ஐந்து, ஆறு மூன்றுமே அருமை. அதிலும் ஐந்தாவது இருக்கிறதே, தேன்! இஞ்சியின் உறைப்பு முன்னால் வந்து, பின்னாலேயே ஓர் இனிப்பு தொண்டை வரைக்கும் போயிற்று. நாற்பத்து மூன்று போட்டேன். "இதுக்கு மேல நான் பெங்களூர்ல கூடக் குடிச்சதில்ல" என்று மைக்கில் சொன்னேன்.

நண்பன் பட்டியலை எடுத்துவந்து, ஜெயித்த எண்ணுக்கு உரியவரின் பெயரை முதலில் வாசித்தான். மணப்பாட்டுக்காரர்!

அவர் எழுந்திருக்கவே இல்லை. மனைவிதான் எழுந்தார். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து, ஹாலின் மூலைக்குப் போனார். "இல்ல சார், இவுக வரல. வேற ஆளப் பாத்துக்கிடுங்க" என்று சத்தமாகச் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கைதட்டினோம்.

மற்ற எண்களை வாசிக்கப் போன நண்பன் திடீரென்று நிறுத்திவிட்டான். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பக்கத்தில் வந்து, "லே, ரெண்டும் அஞ்சும் ஒண்ணுலே" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் மைக் என் கையில், அணைக்காமல் இருந்தது.

ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றியது. எதை இரண்டு எண்ணில் வைத்தோம் என்று, பட்டியலைப் பார்க்கும்வரை அவனுக்கே நினைவில்லையாம். அரை மணி நேர இடைவெளி. பதினேழும் நாற்பத்து மூன்றும். நண்பன் டம்ளரை மாற்றி வைத்துவிட்டானோ என்று அவன் மேல் பழிபோட வாயைத் திறந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் என் கண் மேஜைக்குப் போனது. தட்டில் நாலு நெல்லிக்கொட்டை கிடந்தது.

களக்காட்டு அக்காவும் அதே நேரம் அதைப் பார்த்துவிட்டார். "ஏ தம்பி, நெல்லிக்கா தின்ன வாயிக்குப் பச்சத் தண்ணியே இனிக்குமே! இது தெரியாமலா பெங்களூர்ல பரீட்சை எழுதுனிய?" என்றவர், உடனே தன் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, நான்லா கொண்டாந்து வச்சேன்!"

தெரியாமல் இல்லை. பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் தின்றுவிட்டு, குழாயில் தண்ணீர் குடித்து, இனிக்குதா இனிக்குதா என்று கேட்டு வளர்ந்தவன்தான் நானும். வடைக்கும் காப்பிக்கும் சட்டம் போட்ட மூளைக்கு அது மட்டும் தோன்றவில்லை.

மணப்பாட்டுக்காரர் மெல்ல எழுந்து மேஜைக்கு வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். "அப்போ நான் ஜெயிச்சேனா, தோத்தேனா? அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். அவர் மனைவி மூலையில், கையில் போனோடு அப்படியே நின்றார்.

நான் போட்ட மதிப்பெண் எதுவுமே செல்லாது, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்தேன். நண்பன்தான் சமாளித்தான். நெல்லிக்காயைத் தூக்கிக் கீழே அனுப்பினான். எல்லாரையும் வாய் கொப்பளிக்கச் சொல்லி ஒரு மணி நேரம் உட்கார வைத்தான். பிறகு புதுப் பாட்டில்களைத் திறந்து, எண்களை மாற்றி, ஐந்து வீட்டாரையே ருசி பார்த்து மதிப்பெண் எழுதச் சொன்னான். நான் டம்ளர் கழுவினேன்.

களக்காட்டு அக்காவுடையது ஜெயித்தது. மணப்பாட்டுக்காரருடையது நாலாவது, அதுவும் நிறையவே பின்னால். என்னை இன்னொரு முறை உலுக்கியது வேறொன்று. எண்ணை மட்டும் பார்த்து எழுதியதில், அவர் தன்னுடைய பானத்துக்கே இருபதுதான் போட்டிருந்தார்! பக்கத்தில் "புளிச்சிட்டு" என்றும் எழுதியிருந்தார். அதைப் பார்த்து அவரே முதலில் சிரித்தார். "காலையில இருந்து பஸ்ல வெக்கையில வந்ததுலா, அதான் ஏறிட்டு. கடைசியில ஒங்க பதினேழுதான் கிட்டத்துல வருது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு சரியாகவே இருக்கட்டும். பானை கழுவிய தண்ணீர் என்று சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அவர் மனைவி திரும்பவும் மூலைக்குப் போய்ப் போன் செய்தார். இந்தத் தடவை குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. ஏஜென்ட் ஏசினாராம், ஆனால் இடம் இன்னும் இருக்கிறதாம். "நீங்க ஜெயிச்சிட்டுன்னு சொல்லாமலே இருந்திருந்தா இவ்வளவு வலிச்சிருக்காது தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவர் கேட்டார்.

"ஆமா, நீங்க இதுவரைக்கும் ஒரு பாட்டிலாச்சும் போட்டுருக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணு கூடவா? வெறும் குடிக்கது மட்டுந்தானா?" என்று அவர் கேட்க, அவர் மனைவி கூடச் சிரித்துவிட்டார். "சரி, கப்பல் ஏற இன்னும் மூணு வாரம் கெடக்கு. நீங்க போடுங்க. நான் வந்து மார்க் போடுதேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். முதல் தடவை கொதிக்கக் கொதிக்க ஈஸ்ட்டைப் போட்டுக் கொன்றுவிட்டேன், நுரையே கட்டவில்லை. இரண்டாவது தடவை வெக்கையில் வைத்து, அவருடையதைவிட மோசமாகப் புளிக்கவிட்டேன். நூற்றுக்கணக்கான டம்ளர்களுக்கு எண் எழுதிய கைக்கு, ஒரு பாட்டிலை ஒழுங்காக முடிக்க வரவில்லை. மூன்றாவது இப்போது அடுக்களையில், ஈரத்துணிக்கு அடியில் மெதுவாகப் பொங்கிக்கொண்டிருக்கிறது. வருகிற ஞாயிறு அவரும் அவர் மனைவியும் வருகிறார்கள். எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொண்டு, ஏன் அவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு, நாலாவதுக்கு இஞ்சி நசுக்கப் போகிறேன்.