அத்தை பெயர் ஒட்டிய டப்பா

படிப்பு எனக்கு ஆறாம் வகுப்போடு சரி. பயப்படுவதற்கு ஒரு பரீட்சை இருந்திருந்தால் முதல் ஆளாகத் தேறியிருப்பேன். எழுபதுகளில், எட்டு வயதில், என் பெரிய பயம் அத்தைக்கு வேலை போய்விடும் என்பதுதான்.

என்னை வளர்த்த அத்தை மலேசியாவில் கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு கீரைத் தோட்டத்தில் வேலை செய்தார். நாளெல்லாம் ஈரப் பாத்தியில் வெறுங்கால். வீட்டுக்கு வந்ததும் சவுக்காரம் போட்டு முழங்கால்வரை தேய்ப்பார், நகத்தை ஒட்ட வெட்டுவார். கூட வேலை செய்த பெண்கள் 'சுத்தக்காரி' என்று கேலி செய்வார்கள். அத்தைக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஒருநாள் சுகாதார இலாகா இளைஞர் ஒருவர் வீட்டுக்கு வீடு சின்ன டப்பாக்கள் கொடுத்தார். காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம் எடுத்துத் தரவேண்டும், வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பினாங்கு பாசாருக்குப் போகிற கீரை, பூச்சி உள்ளவர்களைத் தோட்ட முதலாளி தவுக்கே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று பேச்சு கிளம்பியது. பெண்கள் டப்பாவைக் கால்வாயில் வீசினார்கள். அத்தை மட்டும் தன்னுடையதையும் என்னுடையதையும் பெயர்ச்சீட்டு ஒட்டி வாசலில் வைத்தார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினேன். என் வயிற்றில் என்ன இருக்கப்போகிறது, நான் என்ன பாத்தியிலா நிற்கிறேன்? மண்ணில் விளையாடிய கையோடு மாங்காய் தின்றதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. கோணலாக இருந்த சீட்டுகளை அத்தை பார்த்தார். இளைஞர் வந்ததும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் அந்த இளைஞர் முடிவு எழுதிய தாளோடு தோட்டத்துக்கே வந்தார். அன்று நானும் அத்தையோடு அங்கே இருந்தேன்.

"உங்களுக்குப் பூச்சி இருக்குக்கா. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல."

"சுத்தக்காரிக்கே பூச்சியா! போட்ட சவுக்காரமெல்லாம் வீணாப் போச்சுலா!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

டப்பாவை மாற்றியும் அத்தையின் பூச்சியை மறைக்க முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது. அத்தை திரும்பி, நகம் கடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு இளைஞரிடம் சொன்னார்:

"ஆமா, எனக்குத்தான். மண்ணுல நிக்கிறவளுக்கு வராதா? தம்பி, நாளைக்கு நான் வேலைக்கு வரலாமா, அதைச் சொல்லுங்க."

"தாராளமா வாங்கக்கா. மாத்திரை போடுங்க, இனிமே சிலிப்பர் போட்டுக்குங்க. அவ்வளவுதான்."

பக்கத்தில் நின்ற தவுக்கேயும் தலையாட்டினார். சிரித்தவர்கள் அடங்கி, ஒவ்வொருவராக, "தம்பி, டப்பா மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் நடுவில் அத்தை தலைகுனியாமல் நின்ற நிற்பு எனக்கு இந்த வயதிலும் கைவரவில்லை.

கிளம்பும் முன் அத்தை அந்த இளைஞரைத் தனியே அழைத்து, எனக்கும் மாத்திரை வேண்டும் என்று விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். எனக்குத்தான் பூச்சி இல்லை என்று தாளிலேயே எழுதியிருக்கிறதே! சும்மா கிடைத்தால் அத்தை எதையும் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.