கடைசி வளைவில் கவிழாத கார்

போன கிழமை ஒரு இங்கிலீஷ் நாவலை வாசித்து முடித்தேன். மோட்டார் ரேஸ் கதை. கடைசிப் பந்தயத்தில் கதாநாயகன் ஜெயித்து, கோப்பையோடு வீட்டுக்குப் போகிறான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் தெரியுமா? அவன் செத்துப்போனான் என்றுதான் பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டுமல்ல — உரும்பிராயில் எங்கள் வாசிகசாலைக்கு வந்துபோன அத்தனை பேரும்!

விஷயம் இதுதான். சின்னத்துரையர் மலாயாவில் கிளார்க்காக இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். வரும் வழியில் வாங்கிய நாவல் அது. கொழும்புக் கந்தோர்களில் கிளார்க்குமார் அதைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்களுக்கும் சொல்லச்சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டோம். என்னுடைய இங்கிலீஷ் அப்போது ஸ்டேஷன் பலகை படிக்கும் அளவுதான்.

ஞாயிறு பின்னேரங்களில் வாசிப்பு. கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வாரே — அதே முறை. இங்கே இரண்டு வேலையும் அவருக்கே. ஒரு பந்தி இங்கிலீஷில் வாசிப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். பயன் சொல்வார். புராணக் குரலிலேயே எஞ்சின் சத்தமும் வரும்!

முன்வரிசை வாங்கில் எப்போதும் கந்தையா அண்ணை. வாடகைக்கு ஓடும் ஹயரிங் கார் ஒன்றில் கிளீனராக இருந்து, ஓட்டப் பழகி, அப்போதுதான் லைசன்ஸ் எடுத்திருந்தார். தெல்லிப்பழையில் ஒரு முதலாளி தன் புதுக் காரை அவர் கையில் கொடுக்கத் தயார். வீட்டிலோ தாய் பொன்னம்மா ஒரே பிடி — கார் வேண்டாம், தோட்டம் போதும். புருஷனை இழந்தவர், ஒரே பிள்ளை... பயம் இருக்காதா? மகன் அசையவில்லை. அந்த நாவல் வேறு அவருக்குத் தலைக்கேறிவிட்டது. அவர் கேட்கிற கேள்விகளில் சின்னத்துரையருக்கே வியர்க்கும்.

கடைசி ஞாயிறு. கடைசி வளைவு. கார் கவிழ்ந்து, தீப்பிடித்து... சின்னத்துரையர் கண்ணாடியைத் துடைத்தார். யாரோ 'சிவ சிவா' என்றார்கள். கந்தையா அண்ணை எழும்பிப் போனார். தெல்லிப்பழைக்கு அவர் போகவேயில்லை. புகையிலைத் தோட்டத்தில் இறங்கியவர்தான். பிறகு எந்தக் காரையும் தொட்டதில்லை.

அந்த நாவலைத்தான் சின்னத்துரையர் போன மாசம் தானாகவே என் கையில் தந்தார். "இப்ப உமக்கு இங்கிலீஷ் வரும்தானே, வாசியும்" என்றார். வாசித்து முடித்த கையோடு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"என்ன அம்மான் இது? அவன் வெண்டெல்லோ இருக்கிறான்!"

மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தக் கடைசி வாசிப்புக்கு முதல் நாள் பொன்னம்மா படலையிலை வந்து நிண்டு அழுதவ, தம்பி. 'என்ரை பிள்ளையின்ரை மனம் முழுக்க உந்தக் கதையிலைதான் கிடக்கு. கடைசியிலை அந்த வெள்ளைக்காரப் பொடியனைச் சாகடிச்சுப் போடுங்கோ ஐயா, என்ரை பிள்ளை தப்பியிடுவான்' எண்டு கேட்டவ. கதைதானே எண்டு நினைச்சன்."

"அவதான் செத்துப்போனாவே, பிறகாவது அண்ணைக்குச் சொல்லியிருக்கலாமே?"

"எந்த முகத்தோடை சொல்லுறது? அதுதான் உம்மட்டைப் புத்தகத்தைத் தந்தனான்..." பிறகு, "இப்ப பெற்றோலும் கூப்பனுக்கு அளந்துதான் தருகினம். ஓடியிருந்தாலும் காரைக் கொட்டிலுக்கைதான் விட்டிருப்பான்" என்றார். தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறார், பாவம்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபிப்பது? தாய் மேலா? பிறகு யோசித்தால் எங்கள் மேலேயே வந்தது. அப்போது புத்தகம் வாசிகசாலையில்தான், மேசைமேல் கிடந்தது. இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார்மாருக்கும் ஊரில் பஞ்சமில்லை. யாராவது ஒருவர் கொண்டுபோய்க் காட்டினோமா? பயன் சொல்பவர் சொன்னால் சரி — தலையை ஆட்டிவிட்டு எழும்பி வந்துவிடுவோம். எலெக்‌ஷன் கூட்டத்திலும் இதையேதான் செய்கிறோம்!

சொல்வதா, விடுவதா? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். இனிமேல் சொல்லி என்ன வரப்போகிறது? ஆனால் அது அவருடைய வாழ்க்கை அல்லவா... போனேன்.

புகையிலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார்.

"கந்தையா அண்ணை, அந்த ரேஸ் கதையிலை அவன் சாகேல்லை. வெண்டவன். உங்கடை அம்மா கேட்டுத்தான் சின்னத்துரையர் மாத்திச் சொன்னவராம்."

மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மா பாவம்" என்றார். "நல்லாப் பயந்துபோனா."

பாத்தி நிரம்பித் தண்ணீர் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"அப்ப தம்பி... அந்தக் கடைசி வளைவை எப்பிடி எடுத்தவன்?"

சொன்னேன்.

"திரும்ப ஒருக்காச் சொல்லும். மெல்லச் சொல்லும்."

வரம்பில் குந்திக் கண்ணை மூடிக்கொண்டார். முதலிலிருந்து சொன்னேன். அவருடைய வலது கால் மட்டும் ஈரமண்ணை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டிருந்தது.