சின்னத் துரையின் குறில்

பதுளைக் கடைத்தெருவில் நேற்றுக் கொத்தமல்லி வாங்கினேன். கடைக்காரர் காசிம் நானா அதை மடித்துக் கொடுத்த தாள், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் பேசக் கற்கும் புத்தகத்திலிருந்து கிழித்தது. "பங்களா ஏலத்துல வந்த பொஸ்தகம். கடதாசி நல்ல கெட்டி" என்றார். தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தார்கள். 'பொய்'க்கும் 'போய்'க்கும் ஒரே எழுத்துக்கூட்டல். நடுத்தெருவில் நின்று சிரித்தேன். சிரிப்பு முழுதாக வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்த புதிது. மீசை வந்திருந்தது, மரியாதை இன்னும் வரவில்லை. எங்கள் சின்னத் துரை அந்தப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துத் தமிழ் பழகியவர். யார் எந்தக் குறையைச் சொன்னாலும் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடம் போய்ச் சொல்வதாக வாக்குக் கொடுப்பார். ஆனால் அவர் நாக்குக்கு நெடில் ஏறாது. காலைப் பெரட்டில், வேலைக்குக் கூடி நிற்கும் அத்தனை பேர் முன்னால், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நான் பொய் சொல்றேன்" என்பார்.

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறதா? "நான் பொய் சொல்றேன்." அரிசியில் புழுவா? "இன்னிக்கே பொய் சொல்றேன்." சொன்னபடியே நடந்தது. பெரிய பங்களாவுக்குப் போவார், பந்தடித்துவிட்டு வருவார். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த மலையில் சொன்ன சொல் தவறாத துரை அவர் ஒருவர்தான்.

கொழுந்து பறிக்கும் கருப்பாயிக்கு வாய் அதிகம். ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்னை மடக்கினாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா, பொய் சொல்றேன்னு தொரை சொல்றது நெசம்னா, நெசத்தச் சொன்னவரு எப்படிப் பொய் சொல்றவரு? அது பொய்யின்னா, சொன்னபடியே பொய் சொல்லிட்டாரு, அப்ப நெசந்தான? அவரு எந்தப் பக்கங்க?"

இரண்டு வருடம் இலக்கணம் படித்தவன் நான். அவள் கொழுந்தை இரண்டாம் தடவை நிறுத்தேன். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் ஒரு வசதியும் இருந்தது. லீவு கேட்கும்போது துரை "பொய்" என்றால் லீவு வராது என்று எல்லாருக்கும் தெரியும். அவசரமுள்ளவர்கள் காத்திராமல் புறப்பட்டுவிடுவார்கள். திரும்பி வந்தால் ஒரு பாட்டம் ஏச்சு, போன நாட்களுக்குப் பேர் வெட்டு, சம்பளம் கிடையாது. அவ்வளவுதான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. தமிழைக் காப்பாற்ற என்னைவிட்டால் ஆளில்லை என்று நினைப்பு. ஒரு மாலை ஆபீசில் துரையிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன். முகம் சிவந்தது, பிறகு சமர்த்தாக உட்கார்ந்து பழகினார். வாயைக் குவித்து "போ, போ" என்று ஒரு வாரம் என்னையே விரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரத்தில்தான் கருப்பாயியின் புருஷனை ரத்தக்கடுப்பு என்று மாட்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நிலைமை மோசம், உடனே வரச்சொன்னார்கள் என்று வண்டிக்காரன் வந்து சொன்னான். மறுநாள் பெரட்டில் கருப்பாயி லீவு கேட்டாள். துரை தொப்பியைக் கழற்றினார், வாயைக் குவித்தார். "நான் போய்ச் சொல்றேன்" என்றார். சுத்தமான நெடில். இடையில் 'ச்' கூட விழுந்தது. நான் பூரித்துப்போனேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் பூரித்துத்தான் போனேன்.

அவள் நம்பினாள். அன்று கொழுந்துக்குப் போனாள், மறுநாளும் போனாள். துரை பெரிய பங்களாவுக்குப் போனார், பந்தடித்தார். நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்தது. அவனைப் புதைத்தும் விட்டார்கள்.

தாளை நான்தான் கருப்பாயிக்கு வாசித்துச் சொன்னேன்.

"பழைய மாதிரி சொல்லியிருந்தாருன்னா, அன்னைக்கே பொறப்பட்டிருப்பேங்க" என்றாள்.

நெடில் கற்றுக்கொடுத்தவன் நான் என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் அதற்குப் பிறகு என்னிடம் விளையாட்டாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

சின்னத் துரை சீமைக்குப் போய்விட்டார். கருப்பாயி எந்தத் தோட்டத்தில் இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ. இப்போது பதுளை வரைக்கும் ரயில் வந்துவிட்டது. துரைமாரும் தமிழில் பரீட்சை எழுதித் தேறுகிறார்கள். புதிதாக வந்தவர் போன மாதம் பெரட்டில் பேசினார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒரு பிழை பிடிக்க முடியவில்லை. எல்லாக் குறையையும் தாமே போய்ச் சொல்வதாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நம்பிவிட்டார்கள்.