பழைய வேலையை எடைபோட்ட சத்யபிரியா

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப்பதிவியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. அது அப்பா கட்டிலோடு கிடந்த வருஷம். தபால் வழியில் பி.காம்., ஒரு பேப்பரிலும் அரியர் விழாமல். பிறகு சேலத்தில், பதினான்கு இன்ஜினியர்கள் உள்ள சாப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவு நாற்காலி. மல்லசமுத்திரத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்க் காப்பாற்றிய நாற்காலி. இவ்வளவும் சத்யபிரியா யார் சிபாரிசும் இல்லாமல் சம்பாதித்தவை.

2023 ஆகஸ்டில் அந்த நாற்காலிக்கே ஆபத்து வந்தது. கடைகளுக்கும் ஆலைகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி அது. ஒரே வருஷத்தில் மூன்று வேலைகள் நஷ்டம். ஒவ்வொன்றும் ஒப்படைத்த பிறகுதான் தெரிந்தது. முதலாளி குணசீலன் அவளைக் கூப்பிட்டார்.

"வேலை நடக்கறப்பவே செலவு எங்க போகுதுன்னு காட்டற சாப்ட்வேர் ஒண்ணு பாத்துச் சொல்லு சாமி. இனியும் இப்பிடியே போனா ரெண்டு பேர ஊட்டுக்கு அனுப்பறதத் தவிர வேற வழியில்ல."

அதில் முதல் ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். அங்கே புரோகிராம் எழுதத் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

மூன்று சாப்ட்வேர்கள் பதினைந்து நாள் இலவசமாகக் கிடைத்தன. சீனியர் இன்ஜினியர் கௌசிக்குக்கு விலை கூடியதுதான் பிடித்தது. புது வேலையைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றான்.

சத்யபிரியா ஒத்துக்கொள்ளவில்லை. தபாலில் படித்த மூன்று வருஷமும் கோழித்தீவன ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்தவள். அங்கே காலையில் முதல் லோடு வருமுன் ஆலையின் சொந்த லாரியைக் காலியாக மேடையில் ஏற்றுவார்கள். அதன் எடை எல்லோருக்கும் தெரியும். மேடை அந்த எண்ணைக் காட்டினால்தான் அன்றைக்கு வேலை தொடங்கும்.

அதனால் முடிந்துபோன வேலை ஒன்றை எடுத்தாள். இளம்பிள்ளைச் சேலைக்கடை வெப்சைட். கொடுத்த சம்பளத்தை வைத்துப் பார்த்தால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் நஷ்டம். சாப்ட்வேர் இந்த எண்ணைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"ஏனுங்க மேடம், சாப்ட்வேரையும் லாரியாட்ட ஏத்தி எறக்குவீங்களா?" எடைமேடைக் கதையைக் கேட்ட கௌசிக் சிரித்தான்.

"ஆமாங்க. லோடு ஏத்துனப்பறம் மேடை பொய்யின்னு தெரிஞ்சு என்ன பண்றது?"

இன்ஜினியர்கள் எழுதிக் கொடுத்திருந்த மணிக்கணக்கை வாரம் வாரமாக மூன்றிலும் ஏற்றினாள். ஆறு நாள் ஆனது. மூன்றுமே லாபம் காட்டின.

அப்படியென்றால் கணக்கில் வராத மணி எங்கேயோ இருக்கிறது. கடைக்காரர் கௌசிக்குக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை ஆரம்பத்திலிருந்து படித்தாள். "சாமி, இது ஒண்ணு மட்டும் பாத்துக் குடுங்க" என்று அறுபத்து மூன்று தடவை கேட்டிருந்தார். பழகின மனுஷருக்கு எப்படிப் பில் போடுவது என்று கௌசிக் அத்தனையும் சும்மா செய்து கொடுத்திருந்தான். ஒன்றையும் எழுதவில்லை.

"அறுபத்து மூணா? நாஞ்செஞ்சதா?"

"தேதியோட இருக்குதுங்க."

"போறப்பெல்லாம் டீ வாங்கிக் குடுத்தாருங்க."

"அப்ப சேலத்துலயே வெல கூடுன டீ அதுதானுங்க."

ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனதென்று கௌசிக்கிடம் கேட்டு, அந்த மணிகளையும் சேர்த்து மறுபடி ஏற்றினாள். விலை கூடிய சாப்ட்வேர், பில் இல்லாத வேலையை ஏற்க மறுத்தது. இரண்டாவது, ஏற்றுக்கொண்டது, ஆனால் செலவில் சேர்க்கவில்லை. விலை குறைந்த மூன்றாவது, சும்மா செய்ததற்கும் சம்பளம் உண்டு என்று கணக்குப் போட்டு, ஐந்தாவது வாரமே நஷ்டம் என்று சிவப்பானது. கடைசியில் அது காட்டிய நஷ்டம் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம்.

அவள் காட்டிய ஐந்தாவது வாரத்தின் மேல் குணசீலன் விரலை வைத்தார். "இது அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருக்கலாமே," என்றார். பிறகு, "ரெண்டு பேர அனுப்பற பேச்ச விட்டுருங்க எல்லாரும்," என்றார். அந்த மூன்றாவது சாப்ட்வேருக்கான வருஷ ஒப்பந்தத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து நீங்க போடோணுங்க சார்."

"தேடிக் கண்டுபுடிச்சது நானா? நீயே போடு சாமி."

கம்பெனியின் சார்பில் சத்யபிரியா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள் 2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை.