செருப்பில்லாமல் செவ்வாய்க்குப் போனவர்கள்

செவ்வாய் கிரகம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஜவ்வாது மலையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால், புளியமரத்தைத் தாண்டி இடது பக்கம். எழுபதுகளின் கடைசியில் அங்கே ராக்கெட் இறங்கியது. இறங்கியவர்களை எதிர்த்து நின்ற கிரகவாசி நான்தான்.

படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதைவிட மோசமான விஞ்ஞானப் படம் தமிழில் வந்ததில்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் மறுக்க மாட்டேன். கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இயக்குநர் ஒல்லியான இளைஞர். ஒரு ஜீப், நாலைந்து ஆட்கள், இரவல் கேமரா. செவ்வாய் மாதிரி ஓர் இடம் தேடி அமிர்திக் காட்டுப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு மேலே வந்தவர், எங்கள் களத்தைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்து குதித்துவிட்டார். எங்கள் களம் புல் முளைக்காத பெரிய வழுக்கைப் பாறை. சாமை அடிப்பது, புளி காயவைப்பது எல்லாம் அதன்மேல்தான். அப்பா இல்லாத வீட்டில் களமும் அம்மா பொறுப்பு, நானும் அம்மா பொறுப்பு. இரண்டில் களம்தான் உருப்படியாக இருந்தது.

அம்மா சம்மதித்தாள். ராக்கெட் இறக்கலாம், புகை போடலாம், சண்டை போடலாம். செருப்போடு மட்டும் யாரும் ஏறக் கூடாது. தானியம் விழும் இடத்தில் செருப்புக்கால் படுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. பெரிய அதிகாரி வந்தாலும் ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

"இது செருப்பு இல்லீங்கம்மா, விண்வெளி பூட்ஸ்" என்றார் இயக்குநர்.

"ஆகாசத்துல மாட்டிக்கினு வாங்க சாமி, வேணான்னு சொல்லல. இங்க எறங்கறப்போ கழட்டிடுங்க."

அப்படித்தான் எடுத்தார்கள். கதாநாயகன் உடம்பெல்லாம் அலுமினியப் பெயின்ட் அடித்த கோட்டு, தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், முதுகில் பிராணவாயுக் குழாய், கீழே வெறுங்கால். உச்சி வெயிலில் பாறை சுட்டதால் மனிதர் குதித்துக் குதித்து நடந்தார். செவ்வாயில் ஈர்ப்பு விசை குறைவு, இதுவும் பொருத்தம்தான் என்று இயக்குநர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

கழனியிலிருந்து நேராக ஓடி வந்த என்னைப் பார்த்ததும், "இவனுக்கு மேக்கப்பே வேணாம்" என்று சொல்லிவிட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். தலையில் வெள்ளித்தாள் ஒட்டிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, நெற்றியில் டார்ச் பல்பைக் கட்டினார்கள். செவ்வாய் பாஷையில் ஏதாவது கத்து என்றார்கள். எனக்கு அந்த நேரத்துக்கு மாடு கூப்பிடுகிற சத்தம்தான் வாயில் வந்தது. "ஹேய்ய் பா, பா, பா!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன். புளியமரத்தடியில் படுத்திருந்த எங்கள் பசு எழுந்து, நேராகச் செவ்வாய்க்குள் நடந்து வந்து, என் பக்கத்தில் நின்றது. ஃபிலிம் வீணாகக் கூடாது என்று அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

படம் பட்டணத்தில் வந்த சுவடு தெரியாமல் போய், கடைசியில் சந்தவாசல் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. முதல் நாள் நான் மட்டும் மலை இறங்கிப் போனேன், துண்டால் தலையை மூடிக்கொண்டு. யாராவது அடையாளம் கண்டு மாலை போட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் ராக்கெட் கதவு திறந்ததும் போய்விட்டது.

"டேய், ராக்கெட் வாங்கினவனுக்கு செருப்பு வாங்க வக்கில்லடா!"

"மலைமேல எவனாவது திருடிக்கினு பூட்டிருப்பான்!"

கொட்டகையே உருண்டு சிரித்தது. என் கூடையைப் பார்த்துச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன், அது நியாயம். ஆனால் அந்த வெறுங்காலைப் பார்த்துச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அது அம்மா சொன்ன சொல். அவள் காதில் அந்தச் சிரிப்பு விழக் கூடாது என்று மலை ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவளோ ஊரையே திரட்டிக்கொண்டு கிளம்ப ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள்.

"கீழ ஜுரம் பரவுதும்மா" என்றேன்.

"நீ போய்ட்டு நல்லாதானே வந்துகீற?"

"படம் ரொம்ப மோசம்மா."

"நீ நடிச்சா பின்ன இன்னா ஆவும்? உன்னப் பாக்க யார்ரா வர்றது? நம்ம களம் திரையில எப்டி கீதுன்னு பாக்கணும்."

மறுநாள் சாயங்காலம் ஊர் முழுக்கக் கொட்டகை மணலில் உட்கார்ந்திருந்தது. அம்மா பெண்கள் பக்கம். நடுவில் இடுப்புயரத் தட்டி. நான் ஆண்கள் பக்கம், தட்டியை ஒட்டி. எதற்கு அங்கே உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சிரிப்பைக் கையால் தடுத்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

களம் திரையில் வந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். அப்புறம் கதவு திறந்தது. வெறுங்கால் இறங்கியது. சிரிப்பு வெடித்தது. நேற்றுக் கேட்ட அதே பேச்சு, நேற்றைவிடச் சத்தமாக. அந்த நேரம் பார்த்து ரீல் முடிந்து விளக்கைப் போட்டார்கள். ஒற்றை மெஷின் கொட்டகை. ஒவ்வொரு ரீலுக்கும் விளக்கு எரியும். எரிந்த வெளிச்சத்தில் அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? அது என் களம். நான்தான் கழட்டச் சொன்னேன்."

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க களத்துல நெல்லு கெடக்குது. செருப்போட ஏறுவீங்களா? யாராவது ஒருத்தர் ஏறுவேன்னு சொல்லுங்க, நான் உக்காந்துக்கிறேன்."

சந்தவாசலில் படம் பார்க்க வந்தவர்கள் யார்? எல்லாரும் விவசாயிகள். எல்லார் வீட்டிலும் களம் உண்டு. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது:

"ஏற மாட்டம்மா. எப்டி ஏறுறது?"

"அப்போ ராக்கெட்டுல வந்தவன் மட்டும் ஏறலாமா?"

"அதானே!" என்றார் இன்னொருவர். அவர் பக்கத்தில் இருந்தவர் தொடையைத் தட்டிக்கொண்டு, "யோவ், செவ்வாய்க்குப் போனாலும் மரியாத தெரிஞ்ச ஆளுய்யா! அந்த ரீல திருப்பிப் போடச் சொல்லுங்கப்பா!" என்று கத்தினார். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். ஆபரேட்டருக்கு வேறு வழியில்லை. சுற்றி மறுபடியும் போட்டார்.

இந்தத் தடவை கதவு திறக்கும்போது கொட்டகையே ஒரே குரலில், "செருப்பக் கழட்டுடா!" என்றது. வெறுங்கால் இறங்கியதும் பறந்த விசில் படவேடுவரைக்கும் கேட்டிருக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்புச் சத்தமும் கேட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோனது. பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க அம்மா" என்றேன். அவர், "அப்போ அந்தக் கூடை?" என்றார். "அதுவும் நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன்.

அன்றோடு தூக்கியிருக்க வேண்டிய படம் வாரக்கணக்கில் ஓடியது. அங்கிருந்து ஆலங்காயம் போனது. எண்பதுகளில் திருவிழாவென்றால் அந்தத் தேய்ந்த பிரிண்ட்டை வரவழைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. கதவு திறக்கும் காட்சியில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் செருப்பைக் கழற்றித் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார்கள். சிரிக்க வந்த வேலூர் காலேஜ் பிள்ளைகளும் அடுத்த தடவை தூக்கினார்கள். பசு வரும்போது கைதட்டல். நான் வரும்போது, பசு எங்கே என்று கேட்பார்கள்.

இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் இயக்குநர் மலையேறி வந்தார். அதற்கப்புறம் அவர் வேறு படம் எடுக்கவில்லை. கீழே கொட்டகையில் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. சிரித்தா, அழுதா என்று நான் கேட்கவில்லை. களத்தில் சாமை குவிந்திருந்தது. ஓரத்தில் நின்று ஷூவைக் கழற்றினார், யாரும் சொல்லாமலே. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு காலையும் கழுவிக்கொண்டு ஏறினார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கோ. நீ செவ்வாய்ல நின்னப்போ முட்டி வரைக்கும் சேறு. அவ்ளோ ஜனம் பாக்குது. எனக்கு அது ஒண்ணுலதான்டா மானம் போச்சு."

அடுத்த திருவிழாவில் உற்றுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கூடைக்கும் பல்புக்கும் கீழே, வெள்ளித்திரை முழுக்க, என் சேற்றுக்கால். நானும் செருப்பைத் தூக்கிப் பிடித்து விசிலடித்தேன்.