எங்கள் பெண்ணை எப்படி வைத்திருந்தாய்?

சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளியில் பெற்றோருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபோது இபோமாவின் கணவர் எமேக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. "இபோமா போயிட்டா" என்றார். மனைவியின் நோய் முற்றிவிட்டதென்று அவர் முன்பே சொல்லியிருந்தார். முன்பே தெரிந்தால் மட்டும் மனம் ஆறிவிடுமா? ஸ்டுட்கார்ட்டில் இபோமாவை அறிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் நைஜீரியாவின் இக்போ இனத்தவர். ஊரில் சரித்திர ஆசிரியை. இங்கே முதியோர் இல்லத்தில் என்னோடு பராமரிப்பு வேலை செய்தார். நாங்கள் கதைத்தது ஜெர்மனில். எழுதும்போது அது என் ஊர்ப் பேச்சாகத்தான் வருகிறது. 'முடியாது' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஏலாது' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மேலாளரிடமே அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

ஒருமுறை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போனேன். மூன்று பேர் கூடினால் நாலு சங்கம் வைக்கும் ஆட்கள் நாங்கள். அன்றும் தலைவர் பதவிக்கு அடிபிடி. திரும்பும் வழியில் கேட்டார்: "ஏன் உங்களுக்குத் தலைவர் இல்லாமல் ஏலாது? எங்கடை பக்கம் அரசனே இருக்கேல்லை. ஒவ்வொரு குடியிலும் மூத்த ஆக்கள் இருந்து கதைச்சு முடிவெடுப்பினம். பெண்களுக்குத் தனிச் சபை இருந்தது."

"பிறகு?"

"பிறகு வெள்ளைக்காரன் வந்தான். ஆரோடை கதைக்கிறதெண்டு அவனுக்கு விளங்கேல்லை. ஒரு ஆளைப் பிடிச்சு, தொப்பியும் பத்திரமும் குடுத்து, இவன்தான் தலைவன் எண்டான். எங்கடை ஊரிலை அந்த ஆள் என்ரை அப்பாவின்ரை அப்பா."

தொப்பி வந்ததும் மனுசன் ஆடத் தொடங்கினாராம். கூலி கொடுக்காமல் ரோட்டு வேலைக்கு ஆள் பிடித்தார். வழக்குகளைத் தானே தீர்த்து, தண்டமாக வந்த ஆடுகளைத் தன் வளவில் கட்டினார். அந்த ஆட்டத்தை நிறுத்தியது அவருடைய சொந்தத் தங்கை. ஒரு குடியில் பிறந்த பெண்கள் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் அந்தக் குடியின் பிள்ளைகள்தான். அவர்கள் கூட்டத்துக்கு உமுஆடா என்று பெயர். பிறந்த வீட்டில் ஆண்கள் பிழை விட்டால் திரும்பி வந்து நியாயம் கேட்பார்கள். தங்கை மற்றப் பெண்களோடு வந்து முற்றத்தில் இருந்தார். அண்ணனின் செய்கைகளைப் பாட்டாகக் கட்டிப் பாடினார்கள், உலக்கையால் சுவரில் இடித்தார்கள். கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றித் தங்கையின் மடியில் வைத்தார்.

"அவ தொப்பியைத் தா எண்டு கேக்கேல்லை. எழும்பிப் போகேல்லை, அவ்வளவுதான்" என்பார் இபோமா.

எங்கள் தோழி வசந்தியின் விஷயம் வராவிட்டால் இதை நான் கதையாகவே வைத்திருப்பேன். அவளுக்குப் பல் வைத்தியரிடம் ஆவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி கிடைத்தது. பயிற்சிக்குப் போகக் கணவர் விடவில்லை. நாங்கள் தொலைபேசியில் ஒருவரிடம் ஒருவர் பொரிந்து தள்ளினோம். "ஏன் போனிலை கத்துறியள்? அவரின்ரை வீட்டை போய் இருப்பம்" என்றார் இபோமா. போனோம். மன்னார் மேரி அக்கா மாதா பாட்டெடுத்தார். எனக்கு வந்தது தேவாரம். இபோமா மேசையில் தாளம் போட்டார். காற்பந்து பார்க்க இருந்த மனுசன் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தவரும் அவர்தான். "சரி, அவ போகட்டும். நீங்கள் எழும்புங்கோ அக்கா" என்றார் பொழுதுபடும் நேரம். வசந்தி இன்றும் அங்கேதான் வேலை செய்கிறாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இபோமா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களிலை கலியாணம் கட்டின பெண் செத்தால், அவளின்ரை உமுஆடா புருசன் வீட்டை போய் இருப்பினம். எங்கடை பெண்ணை எப்பிடி வைச்சிருந்தனீ எண்டு கேப்பினம். மறுமொழி வராமல் அடக்கம் நடக்காது. இஞ்சை எனக்காக ஆர் கேக்கிறது? கேக்க ஆளில்லாமல் போற பெண், வீசின சாமான் மாதிரி."

"எமேக்கா நல்லவர்தானே" என்றேன்.

"நல்லவர்தான். அதுக்காகக் கேக்காமல் விடுறதோ?"

ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு விசா கிடைக்கவில்லை. அதனால் அடக்கத்துக்கு முதல் நாள் மேரி அக்கா, வசந்தி, நான், இன்னும் இருவர் போனோம். எமேக்கா கதவைத் திறந்தார். நாங்கள் துக்கம் விசாரிக்கவில்லை. உள்ளே போய் இருந்துகொண்டு, "எங்கடை பெண்ணை எப்பிடி வைச்சிருந்தனீங்கள்?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு கதிரையை விட்டு எழுந்து நின்றார். அவர் இக்போக்காரர், வந்திருப்பது யார் என்று விளங்கிவிட்டது. ஊரில் படிப்பித்தலை விட்டுவிட்டு இங்கே வரச் சொன்னது தான்தான் என்றார். இபோமா அதை ஒருநாளும் குத்திக்காட்டவில்லை என்றார். மனைவிக்குக் கை ஏலாமல் போன பிறகு தலை பின்னிவிடப் பழகியதையும், முதலில் கோணலாகப் பின்னி ஏச்சு வாங்கியதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார். "போதுமோ?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லுங்கோ" என்றார் மேரி அக்கா. சொன்னார். கேட்டு முடித்த பிறகுதான் நாங்களும் அழுதோம்.

இபோமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். இனி எங்கள் பெண்களில் யார் போனாலும் பூவைக் கொடுத்துவிட்டு நான் திரும்ப மாட்டேன். போய் இருந்து கேட்பேன். என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், மறுமொழியை இப்போதே யோசித்து வைக்கச் சொல்லி.