நாற்பதாவது அறை

போன வாரம் ஆம்பூர் பஜாரில் ஓர் இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். ஒரு விண்ணப்பத்தை பிரின்ட் எடுக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரத்துக்குக் காசு கட்ட வேண்டும் என்றார்கள். வேலை எட்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி இருபத்திரண்டு நிமிடத்தை விட்டுவிட்டு எழுந்து வர எனக்கு மனசு வருமா?

சும்மா தேடிப் பார்த்தேன் — குடை பிடித்த நீர்யானை, பழைய கம்ப்யூட்டர் கேம்.

வந்துவிட்டது! அடுத்த நிமிடமே ஏன் தேடினோம் என்று ஆகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் எங்கள் தோல் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜெர்மன் டெக்னீஷியன், ஊர் திரும்பும்போது தன் பழைய கம்ப்யூட்டரை எனக்குத் தந்துவிட்டுப் போனார். பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியில் மாட்ட வேண்டும். கேம் இருப்பது சாதாரண ஆடியோ கேசட்டில். போட்டால் ஆறு நிமிடம் கீச்... கீச்... என்று கத்தும். பிறகுதான் திரையில் நீர்யானை வரும்.

"இன்னா சார், பூனைய டேப்புல புடிச்சி வச்சிருக்கீங்களா? பேஜாரா இருக்குது" என்பார் பக்கத்து வீட்டு பாய்.

அது ஏதோ ஐரோப்பிய கார்ட்டூன் நீர்யானை. நம் டிவியில் வந்ததே இல்லை. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் குண்டன். அவனை அறை அறையாக நடத்திப் போக வேண்டும். நானும் நடத்தினேன்... எண்ணினேன். முப்பத்தொன்பது அறைகள். டைரியில் குறித்தும் வைத்தேன்.

ஒரு ஞாயிறு நான் சர்ச் முடிந்து வருகிறேன். கால் சுளுக்கென்று வீட்டிலேயே இருந்த என் மகள் ஜெபா — அப்போது பதினோரு வயது — வாசலுக்கே நொண்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, நாப்பது ரூம் இருக்குப்பா! குடைய மடக்கிட்டு அருவிக்குள்ள பூந்தா உள்ள ஒரு பியானோ ரூம். வாங்க, காட்டறேன்!"

"அருவிக்குள்ள பியானோவா? நனையாதா?"

"நெஜமாப்பா!"

எங்கள் தொழிற்சாலை ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. லாரியில் ஏற்றும் தோல் கட்டுகளை இரண்டு பேர் எண்ணுவோம். எண்ணிக்கை ஒத்துவரவில்லையா? குறைந்த எண்ணைத்தான் எழுதுவோம். மறுபடி எண்ண நேரம் இருக்காது, லாரி நிற்கும்.

அதையே வீட்டிலும் செய்தேன். அவள் நாற்பது, நான் முப்பத்தொன்பது... ஆகவே முப்பத்தொன்பது. அவள் சொன்னது பொய். சுவிட்சை அணைத்தேன். கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். 'இனி பொய் சொல்ல மாட்டேன்' என்று எழுதச் சொன்னேன். எத்தனை முறை? முப்பத்தொன்பது முறை!

இப்போது இன்டர்நெட்டில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், அந்த கேமின் எல்லா அறைகளையும் கட்டம் போட்டு வரைந்து வைத்திருக்கிறார். மூன்று முறை எண்ணினேன். நாற்பது. கடைசிக் கட்டத்தில் அருவி. அருவிக்குப் பின்னால்... பியானோ.

அன்று அவள் காட்டியிருந்தால் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிடம்? என் வீட்டு வாசலில் எந்த லாரியும் நிற்கவில்லையே!

ஜெபா இப்போது வேலூரில் நர்ஸ். டியூட்டி முடிகிற நேரம் பார்த்து போன் செய்தேன்.

"ஜெபா, நாப்பது ரூம்தாம்மா. நீ சொன்னதுதான் சரி. அப்பா தப்பு பண்ணிட்டேன்."

மறுமுனையில் ஜெபா சிரித்தாள்.

"இதுக்கா போன் பண்ணீங்க? உடம்புக்கு இன்னாவோன்னு பயந்தே போய்ட்டேன்!" என்றவள், சாதாரணமாகச் சொன்னாள்: "நாப்பது இல்லப்பா. நாப்பத்தொண்ணு. அந்த பியானோ மேல ஏறி குதிச்சா இன்னொரு கதவு தொறக்கும். அன்னிக்கே பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படம் வரைந்த ஆளுக்கே தெரியாத அறை!

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நாப்பதுக்கே எழுதி எழுதி கை வீங்கிப்போச்சு. அதுக்கு மேல எவ சொல்லுவா?"

அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் அவள் என் வீட்டில்தான் வளர்ந்தாள். என்னிடம் சொல்லாமல் விட்டவை இன்னும் எத்தனை?

வாழ்க்கையில் முதல் முறையாக, எண்ணப் பயமாக இருக்கிறது.